வெளிப்பக்கம் திறந்த கதவு

வயதானவர்கள் பகலில் கூடிப் பேசவும் விளையாடவும் உடற்பயிற்சி செய்யவும் ஒரு முதியோர் மையம் கட்டியிருந்தார்கள். அதை வடிவமைத்தவர் அம்மா. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அவருடைய மகளுக்கு வீட்டில் முந்திரிக்கொட்டை என்று பெயர். யாரும் கேட்பதற்கு முன்பே வாயைத் திறப்பாள், வேறென்ன!

எதிர்வீட்டு டிரைவர் தாத்தா ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். இப்போது அவர் ஓட்டுவது சக்கர நாற்காலி. பழைய கூட்டாளிகளோடு மையத்தில் செஸ் ஆட வேண்டும் என்று துடியாய்த் துடித்துக்கொண்டிருந்தார். முந்திரிக்கொட்டைக்குப் பொறுக்குமா? முன்கூட்டியே அழைத்துப்போய்க் காட்டினாள்.

சாய்தளத்தில் ஜம்மென்று ஏறினார் தாத்தா. கதவுதான் மக்கர் செய்தது. அது வெளிப்பக்கமாகத் திறந்தது. இழுத்தால் முழங்காலில் இடித்தது. பின்னால் நகர்ந்தால் நாற்காலி சரிவில் உருண்டது. அவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். நான் தள்ளிவிடுகிறேன் என்றாள்.

"இன்னிக்கு நீ தள்ளுவே. நாளைக்கு? யாராவது வருவாங்களான்னு வாசல்லயே காத்துக் கிடக்கணுமா? அதுக்கு நான் வீட்டிலேயே இருந்துக்கறேன்."

தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவள் விடுவதாக இல்லை; வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள்.

அம்மாவோ, சரிவை அளந்துதான் கட்டியிருக்கிறது, வாசலில் உதவிக்கு ஆள் இருப்பார், நீ போய்ப் பாடத்தைப் படி என்றார். மறுநாள் தாத்தா மதியத் தூக்கத்துக்குப் படுக்கும்போது மகள் அவரைக் கேட்டு நாற்காலியை இரவல் வாங்கினாள். அம்மாவையும் கையோடு இழுத்துப் போனாள்.

"ஒரே ஒரு தடவை இதுல உட்காரும்மா. எழுந்திருக்காம உள்ளே போ. நான் வாயே திறக்கமாட்டேன்."

முந்திரிக்கொட்டை வாயை மூடுவதென்றால் சும்மாவா? அம்மா உட்கார்ந்தார். இழுத்தார், இடித்துக்கொண்டார், உருண்டார். மகள் பின்னால் நின்று பிடித்தாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி முயன்றதில் அம்மாவுக்கு வேர்த்தே விட்டது.

"நான் இதை நடந்துதான் பார்த்தேன்" என்றார் மெல்ல.

அங்கிருந்தே தச்சருக்கு போன் போட்டார். வந்து பார்த்த தச்சர், இத்தனை அவசரமா என்று தலையில் கை வைத்தார். ஆனாலும் கதவைக் கழற்றி, பக்கவாட்டில் நகரும்படி மாட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, சும்மா பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று முறுக்கிக்கொண்டேதான் வந்தார் டிரைவர் தாத்தா. கதவருகே முந்திரிக்கொட்டையின் கை தன்னால் நாற்காலிப் பக்கம் போயிற்று. சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தாத்தா ஒரு கையால் கதவைத் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போயிற்று. உள்ளே நுழைந்தவர், கதவைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"என்ன அங்கேயே நிக்கறே? உள்ளே வா. உனக்காகத்தான் கதவைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."