குள்ளமான எட்டு

பழமலையின் மேசைமேல் மஹிரா இரண்டு விசிட்டிங் கார்டுகளைப் போட்டாள். வைக்கவில்லை, போட்டாள். அவற்றில் ஒன்று மேசையைத் தாண்டித் தரையில் போய் விழுந்தது.

"சார், ஒண்ணு நான் செஞ்சது. இன்னொண்ணு நான் செய்யாதது. எது எதுன்னு நீங்கதான் ஊருக்குச் சொல்லணும். நான் சொன்னா எவனும் நம்பமாட்டேங்கிறான்."

பழமலை விருத்தாசலத்தில் இன்சூரன்ஸ் சர்வேயர். எரிந்த கடை தானாக எரிந்ததா, ஏற்பாட்டில் எரிந்ததா என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். குரலை உயர்த்த மாட்டார். அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவள் போல ஆண்டாள் இருந்தாள். வழக்கைக் கேட்டு முடிப்பதற்குள் குற்றவாளியை முடிவு செய்துவிடுவது அவள் வழக்கம். தரையில் கிடந்த கார்டை அவள்தான் எடுத்துத் துடைத்து வைத்தாள்.

"உட்காரும்மா. முதல்லேருந்து சொல்லு" என்றார் பழமலை.

மஹிரா பாலக்கரைப் பக்கம் டிசைன் கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ், விசிட்டிங் கார்டு என்று எது வந்தாலும் செய்வாள். பீங்கான் யூனிட் நடத்தும் வளர்மதி, சென்னைக் கண்காட்சிக்காக ஆயிரம் கார்டு கேட்டு வந்தாள். புருஷன் இறந்த பிறகு தனியாளாகச் சூளையைக் கட்டிக் காப்பவள். பெரியவர்களும் கண்ணாடி இல்லாமல் படிக்கவேண்டும் என்று போன் நம்பரை மட்டும் பெரிதாகப் போடச் சொன்னாள். கார்டுகள் அச்சாகி, கண்காட்சிக்குக் கிளம்புகிற அன்று காலையில்தான் கைக்கு வந்தன. ஆயிரத்தையும் அங்கே கொடுத்துத் தீர்த்தாள். ஒரு போன்கூட வரவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பெண்ணாடத்துக் கடைக்காரர் ஒருவர் நேரில் வந்து, "என்னம்மா, நம்பரே உபயோகத்துல இல்லைங்குது" என்றபோதுதான் கார்டை உற்றுப் பார்த்தாள். நம்பரின் நடுவில் இருந்த மூன்று, எட்டாகியிருந்தது.

"நேரா என் கடைக்கு வந்தாங்க சார். உள்ளகூட வரல. ரோட்டுல நின்னு, எவன்கிட்டக் கூலி வாங்கிட்டு என் வயித்துல அடிச்சேன்னு கேட்டாங்க. வியாபாரிங்க குரூப்புல என் போட்டோவையும் போட்டுட்டாங்க. கையில இருந்த வேலையெல்லாம் திரும்பிப் போயிடுச்சு. கட்டடத்துக்காரரு காத்தவராயன் வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணுங்கிறாரு. ஏங்க, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இந்த ஊருக்கு இருந்தால்தானே? நேற்றுவரை பிள்ளை காதுகுத்துக்கு அவளிடமே பிளக்ஸ் அடித்தவர்கள், இன்று அவள் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

பழமலை இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸை எடுத்தார். ஒன்று வளர்மதி பார்த்துச் சம்மதித்த மாதிரிப் பிரதி. அதில் மூன்று இருந்தது. மற்றது அச்சாகி வந்தது.

"உன் கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபைல்ல என்ன இருக்குது?"

"மூணுதான். ஆனா, மாட்டிக்கிட்டதும் நீ திருத்தியிருப்பேங்கிறாங்க. அதுக்கு நான் என்ன செய்ய?"

"இங்கேருந்து பிரஸ்ஸுக்கு எப்படிப் போச்சு?"

"நம்ம கிட்ட இருக்கிற எழுத்து அவங்க கிட்ட இருக்காது சார். அப்படியே அனுப்புனா அங்க கோணல்மாணலா வரும். அதனால கர்வ் போட்டு, எல்லா எழுத்தையும் படமா மாத்திடுவோம். அப்புறம் அதுல யாரும் டைப் அடிக்க முடியாது. வேணும்னா ஒரு துண்டை வெட்டி இன்னொரு இடத்துல ஒட்டலாம், அவ்வளவுதான். ஓரத்துல வெள்ளை தெரியாம வெட்டறதுக்கு கார்டோட நீலப் பின்னணியைக்கூட வெளியில இழுத்துவிட்டு, சுத்தமாத்தான் குடுத்தேன். மெயில்ல அனுப்பறேன்னேன். வளர்மதி அக்காவோட கொழுந்தனாரு திருமால், நான் அந்தப் பக்கம்தான் போறேன்னு பென்டிரைவையும் மாதிரிக் கார்டையும் வாங்கிட்டுப் போனாரு. மறுநாள்தான் இஃப்திகார் பாய் கிட்டக் குடுத்திருக்காரு."

இஃப்திகார் ஊரிலுள்ள கலர் வேலைகளையெல்லாம் சேர்த்து, ஒரே தாளில் அடுக்கி, வெளியூர் பிரஸ்ஸுக்கு அனுப்புகிறவர்.

"கார்டுல வேற ஏதாவது தகராறு உண்டா?"

மஹிரா யோசித்தாள். "முதல் டிசைன்ல ரெண்டு பேரு இருந்துச்சு. வளர்மதி அக்கா பேரும் திருமால் பேரும். அக்கா ஒண்ணை எடுக்கச் சொன்னாங்க. வேற ஒண்ணும் இல்ல சார்."

அவள் போனதும் ஆண்டாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சார், பாய்தான். நேத்து அவரு கடையைத் தாண்டினேன், என்னைப் பாத்துச் சிரிச்சாரு."

"உன்னைப் பாத்தா எல்லாரும்தான் சிரிக்கிறாங்க. இந்த எட்டைப் பாரு."

ஆண்டாள் லென்ஸை வாங்கிப் பார்த்தாள். "பக்கத்து நம்பருங்களைவிடக் குள்ளமா இருக்குது. தடியாவும் இருக்குது."

"இந்தக் கார்டுல வேற எங்க எட்டு வருது?"

அவள் தேடினாள். போன் நம்பரில் வேறு எட்டே இல்லை. மேலே முகவரியில், கதவு எண் நாற்பத்தெட்டில் ஒன்று இருந்தது. முகவரி முழுவதும் சின்னதாக, தடித்த எழுத்தில் இருந்தது. பழமலை தன் ஸ்கேலால் எதையோ அளந்துவிட்டு ஆண்டாளின் வண்டியில் ஏறினார்.

முதலில் இஃப்திகாரிடம் போனார்கள். அவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தாள்ல இருபது பேரு கார்டை அடுக்கறேன் சார். எவன் நம்பர் என்னன்னு நான் படிப்பனா? பென்டிரைவுல வந்தது, அப்படியே போச்சு. நாளைக்கி என்னையும் ரோட்டுல நிக்க வெச்சுக் கேப்பாங்களா?"

"கேட்டாலும் கேப்பாங்க பாய். வெள்ளிக்கிழமை காலையில மஹிரா கடைக்கு வாங்க."

யூனிட்டில் வளர்மதி அவர்களை வாசலிலேயே மறித்தாள். வேகாத அகல்களும் பொம்மைகளும் பலகை பலகையாக அவளுக்குப் பின்னால் காத்துக் கிடந்தன.

"அந்தப் பொண்ணுக்காக வந்தீங்களா? சூளை மூட்ட ஆர்டர் இல்லாம ஆளுங்களை வூட்டுக்கு அனுப்பிட்டு நிக்கிறேன். அவளுக்குச் சப்போர்ட்டா?"

"யாருக்கும் சப்போர்ட் இல்லைங்க. மோல்டு ரூமை ஒரு தடவை பாக்கலாமா?"

மோல்டு ரூமில் திருமால் ஒரு விளக்கின் மாதிரியை அளந்துகொண்டிருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுப்பான், வைப்பான், மறுபடி பையில் செருகுவான். மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. லேபிள் டிசைனெல்லாம் அதில்தான் செய்வதாகச் சொன்னான். பழமலை வேகாத அகல் ஒன்றையும் வெந்த அகல் ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே அச்சா? இது பெருசா இருக்குதே."

"சூளையில வெந்தா எட்டுல ஒரு பங்கு சுருங்கிடும் சார். அதுக்குத் தகுந்தாப்ல பெருசாத்தான் செய்யணும்." திருமால் சிரித்தான். "கண்ணால பாத்துச் செய்யறதெல்லாம் இங்க ஆவாது. கம்ப்யூட்டர்னாலும் சரி, மண்ணுன்னாலும் சரி, அளந்து நம்பரைப் போட்டாத்தான் எனக்குத் திருப்தி. அண்ணன் இருந்த காலத்துலேருந்து இந்த ரூம் என் பொறுப்புதான். அண்ணிக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

வெள்ளிக்கிழமை காலை மஹிராவின் கடைமுன் ஒரு சின்னக் கூட்டமே நின்றது. பெண் ஒருத்தி மூட்டை கட்டுவதை வேடிக்கை பார்க்க ஆட்களுக்கா பஞ்சம்? கடைக்குள் வளர்மதி, திருமால், இஃப்திகார், காத்தவராயன் நான்கு பேரும் இருந்தார்கள். மஹிரா உட்காரவில்லை. கம்ப்யூட்டரின் வயர்களைக் கழற்றிச் சுருட்டியபடியே நின்றாள்.

"சீக்கிரம் சொல்லுங்க சார், பன்னெண்டு மணிக்கு ஆளு வராங்க" என்றார் காத்தவராயன்.

"ஒரே ஒரு வேலைதாங்க." பழமலை மாதிரிக் கார்டை மேசையில் வைத்தார். "இந்த போன் நம்பர்ல முதல்ல இருக்கிற ஒன்பது எவ்வளவு உயரம்னு, ஃபைல் கைக்கு வந்த மூணு பேரும் அளந்து சொல்லுங்க. அவங்கவங்க தினமும் வேலை செய்யற ஸ்கேலால அளக்கணும்."

மஹிரா வெடுக்கென்று தன் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். "எட்டு மில்லி."

இஃப்திகார் குனிந்து அளந்தார். "எட்டு."

திருமால் சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தான். அவர்களைவிடக் கவனமாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "ஏழு சார். இவங்களுக்கு அளக்கத் தெரியல."

ஆண்டாள் அவன் கையிலிருந்த ஸ்கேலை மெல்ல வாங்கி, மஹிராவின் ஸ்கேலோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். ஒரு ஸ்கேலின் எண்கள் மற்றதன் எண்களோடு பொருந்தவில்லை. அவன் ஸ்கேலில் ஒவ்வொரு மில்லியும் கொஞ்சம் நீளமாக இருந்தது.

"இது மோல்டு போடறவங்க ஸ்கேல்" என்றார் பழமலை. "மண் சுருங்கறதுக்கு இடம் விட்டுக் கோடு கிழிச்சது. இதுல ஏழுன்னா, நிஜத்துல எட்டு. இப்ப அச்சான கார்டைப் பாருங்க. மூணை எடுத்துட்டு வெச்சிருக்கிற எட்டு மட்டும் ஏழு மில்லி உயரம். மத்த நம்பரெல்லாம் எட்டு மில்லி."

"அதுனால?" என்றாள் வளர்மதி. அவள் குரலில் இன்னும் சூடு குறையவில்லை.

"மஹிரா மாத்தியிருந்தா, அவ கையில டைப் அடிக்கிற ஃபைல் இருக்குதுங்க. மூணை அழிச்சு எட்டைத் தட்டினா, பக்கத்து நம்பர் மாதிரியே, அதே உயரத்துல, அதே கனத்துல வந்து உட்காரும். இது அப்படி வரல. டைப் அடிக்க வழியில்லாத ஒருத்தர், முகவரியில இருந்த சின்ன எட்டை வெட்டி எடுத்து, பெருசாக்கி ஒட்டியிருக்காரு. தடியா இருக்கிறது அதனாலதான். அப்படின்னா, எழுத்தெல்லாம் படமா மாறின பிறகு ஃபைல் யார் கைக்குப் போச்சோ, அவங்க வேலை. ரெண்டு பேரு கைக்குத்தான் போச்சு."

"ஏன் எட்டு? பக்கத்துல இருக்கிற நம்பர் ஒண்ணையே எடுத்து ஒட்டியிருக்கலாமே?" என்றாள் ஆண்டாள். முந்தின நாளே விடை தெரிந்தும், கேள்வியைத் தானே கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டு வைத்திருந்தாள்.

"சொந்த நம்பர்ல மூணுக்குப் பதிலா ஏழு இருந்தா, வளர்மதி அம்மா பெட்டியைப் பிரிச்சதுமே கண்டுபிடிச்சிருப்பாங்க. மூணும் எட்டும் அவசரத்துல ஒண்ணு போலத் தெரியும். இனி, ஒட்டற எட்டை எவ்வளவு பெருசாக்கறதுன்னு அவரு முடிவு பண்ணணும். இஃப்திகார் பாயா இருந்தா பக்கத்து நம்பரோட திரையிலேயே சேத்து நிறுத்தியிருப்பாரு. அளந்தாலும் எட்டுன்னு அளந்திருப்பாரு. அளக்காம நம்பாத ஒருத்தர், கையில இருந்த மாதிரிக் கார்டுமேல ஸ்கேலை வெச்சு, ஏழுன்னு படிச்சு, ஏழுன்னே கம்ப்யூட்டர்ல போட்டிருக்காரு." பழமலை திருமாலைப் பார்த்தார். "கைப் பழக்கம் தம்பி. காகிதம் சூளைக்குப் போவாதுங்கிறதை மறந்துட்டீங்க."

திருமால் மறுப்பான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் வளர்மதியைத்தான் பார்த்தான்.

"என் பேரை எடுத்தீங்கல்ல? எங்க அண்ணன் கட்டின சூளை. மோல்டு நான் போடறேன். கார்டுல உங்க பேரு மட்டும். நாலு ஆர்டர் வராம போனா, என்கிட்டதானே வந்து நிக்கணும்னு பாத்தேன்."

"அதுக்கு இந்தப் பொண்ணு என்னடா பண்ணா?" வளர்மதி எழுந்துவிட்டாள்.

"நான் அவ பேரை எங்க சொன்னேன்? ரோட்டுல நின்னு கத்துனது நீங்கதானே அண்ணி?"

கெட்டவன் வாயிலிருந்து வந்தாலும் உண்மை உண்மைதான். வளர்மதி அவனை அறையக் கை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்றது. இத்தனை நாளும் தன் பக்கத்திலேயே நின்று, "விடாதீங்க அண்ணி, போலீஸுக்குப் போவலாம்" என்று ஏற்றிவிட்டவன் அவன். அதை ஆராயாமல் நம்பியது யார் குற்றம்?

"சாவியைக் குடு" என்றாள். "மோல்டு ரூம் சாவி. இனிமே யூனிட்டுப் பக்கம் வராத. மீதியை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

சாவியை மேசைமேல் எறிந்துவிட்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவன் வெளியேறினான். காத்தவராயன் தொண்டையைச் செருமினார். "அப்ப சரிம்மா. கடையை நீயே வெச்சுக்க. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

"நீங்க வெச்சுக்கலைங்களா?" என்றாள் மஹிரா. காத்தவராயன் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்.

வளர்மதி வாசலுக்குப் போனாள். வெளியே நின்றவர்களைப் பார்த்து, தொண்டை கிழியச் சொன்னாள். தப்பு தன் வீட்டு ஆளுடையது என்றாள். இந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றாள். விசாரிக்காமல் பேசியது தான்தான் என்றாள். போனை எடுத்து வியாபாரிகள் குரூப்பிலும் அதையே பேசி அனுப்பினாள். பிறகு உள்ளே வந்து, மேசைக்கு இந்தப் பக்கம் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மஹிரா, கண்காட்சிக்காரங்க கிட்டக் கடைக்காரங்க விலாசமெல்லாம் இருக்குதாம். எல்லாருக்கும் புதுக் கார்டு அனுப்பிட்டா, சூளை மூட்டற அளவுக்காவது ஆர்டர் திரும்பும். வேற யாருகிட்டயும் போக எனக்கு முகமில்ல. நீயே போட்டுக் குடும்மா. என்னை..."

மஹிரா சுருட்டிய வயரைப் பிரித்து, கம்ப்யூட்டரை மறுபடி மாட்டினாள்.

"கார்டு போட்டுத் தரேன்க்கா. சாயந்திரம் மாதிரி பாக்க வாங்க, நம்பரை வாய்விட்டுப் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. மன்னிப்பு மட்டும் இன்னிக்கிக் கேக்காதீங்க. என்கிட்ட இல்ல."

வளர்மதி தலையாட்டினாள். பெஞ்சின் ஓரத்தில், வேலை கொடுக்க வந்த மற்ற வாடிக்கையாளர்களைப் போல, தன் முறைக்காக உட்கார்ந்தாள்.