ஆறாம் கிலோமீட்டர் வீடு

செவ்வாய்க்கிழமை மாலையும் அந்த ஆள் நடந்துகொண்டுதான் இருந்தார்.

வெள்ளைச் சட்டை, இடது தோளில் அகலமான செம்மண் கறை, வலது கையில் டிபன் கேரியர். திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும் முதல் கிலோமீட்டர் கல்லருகே பார்த்த அதே முதுகு. இன்று இரண்டாவது கல். ஆபீஸ் விட்டு யாரோ வீட்டுக்குப் போகிறார், இதில் என்ன அதிசயம் என்று மெர்லின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஒரு மனுஷன் கறையோடு கூடவா அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்? பஸ் அவரைக் கடக்கும்போது முகம் பார்க்க ஜன்னலில் எக்கினாள். இருட்டுதான் தெரிந்தது.

மெர்லினுக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை, புருஷன் செபாஸ்தியான் இறந்தபின் கருணை அடிப்படையில் கிடைத்தது. மாற்றலாகி வந்த புதிதில் கள்ளக்குறிச்சிக்குள் மூன்று வாரம் வீடு தேடி அலைந்தாள். ஆம்பிளை துணையில்லை என்று தெரிந்த மறு நிமிஷமே வீட்டுக்காரர்களுக்கெல்லாம் தங்கள் சொந்தக்காரர் யாரோ குடிவரப்போவது ஞாபகம் வந்துவிடும். தியாகதுருகத்தில் ஒரு வீடு அமைந்தது. ஆனால் அவள் பஸ் பிடித்து வந்து சேருவதற்குள் ஏழு வயசுப் பிள்ளை ஒன்றரை மணி நேரம் தனியாகக் கிடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே, மெயின் ரோட்டின் மேலேயே, ஆறாவது கல்லருகே இந்த ஓட்டு வீடு கிடைத்தது. பஸ்ஸில் கால் மணி நேரம். பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். கடலூர் விடுதியில் இருக்கும் மகள் பிலோமியை இனி கூடவே வைத்துக்கொள்ளலாம். வருகிற சனிக்கிழமை அரைப்பரீட்சை லீவில் அவள் வந்துவிடுவாள். அதற்காகவே இரண்டு எவர்சில்வர் தட்டு வாங்கி, பேர் வெட்டி வைத்திருந்தாள். இரண்டே இரண்டு.

அக்கம்பக்கத்தில் வீடு இல்லை. சுற்றிலும் கரும்பு. இடஒதுக்கீடு கேட்டுச் செப்டம்பரில் நடந்த மறியலில் ரோட்டின் குறுக்கே வெட்டிப் போட்ட புளியமரங்களின் அடிக்கட்டைகள் இருபுறமும் இன்னும் நின்றன. மேற்கே கல்வராயன் மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிவிட்டால் கரும்பு எது, ரோடு எது என்று தெரியாது. அந்த இடத்துக்கு ஸ்டாப்பிங் போர்டும் கிடையாது. அதனால் காலையில் போகும்போதே வாசல் பல்பை எரியவிட்டுப் போனாள்.

"உங்க லைட்டுதாங்க்கா எங்களுக்கு போர்டு. அது தெரிஞ்சா விசில் அடிச்சிருவன்" என்பான் கண்டக்டர் மாயவன். நாள் முழுக்க அவளோடு வேலை சம்பந்தமில்லாமல் பேசுகிற ஒரே ஆள் அவன்தான்.

புதன்கிழமை அந்த முதுகு மூன்றாவது கல்லில் இருந்தது.

"மாயவன், அதோ நடந்து போறாரே, யாரு?"

அவன் குனிந்து வெளியே பார்த்தான். "எங்கக்கா? அங்க கட்டதான் நிக்குது." சிரித்தபடி அடுத்த சீட்டுக்குப் போனான். மெர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்துவிட்டோம் என்பதை அப்போதுதான் ஒத்துக்கொண்டாள். அதைச் சொல்லி அழ வீட்டில் ஒரு ஆள் இல்லையே என்பது அந்தப் பயத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை நாலாவது கல். இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் ரோட்டைத் தாண்டி, வரப்பிலேயே நடந்து, வீட்டுக்காரி கொளஞ்சியம்மாளின் கொட்டகைக்குப் போனாள். கிழவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாளி அவள் கையிலேயே நின்றுவிட்டது.

"வாசல்ல வெளக்கு எரியுதா?"

"நான்தான் போட்டுட்டுப் போறேன்."

"மூணு மாசமா அந்த வாசல்ல நான் வெளக்கு வெக்கலம்மா. உன்கிட்ட சொன்னா வூடு வாணாம்னுடுவன்னு சொல்லாம வுட்டுட்டன். எம்மேலதான் தப்பு."

"யாரு அவரு?"

"ஆதிமூலம்னு பேரு. உனுக்கு முன்ன அங்கதான் இருந்தாரு. உன்னாட்டம்தான், பஸ்ஸுக்குக் கிட்டன்னு வந்தாரு. பொண்டாட்டி புள்ளைய இட்டுக்கினு வந்துடறன்னு சொல்லிக்கினே இருந்தாரு. மறியல் அன்னிக்கி பஸ் இல்ல. நடந்தே வூட்டுக்குப் போறன்னு டீக்கடைல சொல்லிட்டு கெளம்புனாராம். வந்து சேரல. ஆளும் கெடைக்கல, பொணமும் கெடைக்கல." வாளியைக் கீழே வைத்தாள். "இருட்டுல வூடு தெரியாம சுத்திக்கினு இருந்தாரு. இப்ப வெளிச்சம் தெரியுது. வராரு."

வெள்ளிக்கிழமை மெர்லின் ஜன்னலோரம் உட்காரவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். எஞ்சின் இரைச்சலுக்குள்ளும் அது கேட்டது. கேரியரின் அடுக்கோடு அடுக்கு உரசும் மெல்லிய சத்தம். டிணுங். டிணுங். ஐந்தாவது கல். இறங்கியதும் வீட்டுக்குள் ஓடிப்போய் வாசல் பல்பை அணைத்தாள். கரும்பிலிருந்து வெல்லம் காய்ச்சும் வாசனையும் ஈரமண் வாசனையும் கலந்து வந்தன. ஜன்னலடியில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் டிணுங் என்றது. அப்புறம் நின்றுவிட்டது. வழி தெரியவில்லை அவருக்கு. பாவமாகக்கூட இருந்தது. ஆனால் நாளைக்குப் பிள்ளை வருகிறாள்.

காலையில் பல்பையே கழற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் தம்பி அமல் பிலோமியைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒப்படைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் கடலூருக்குத் திரும்பினான். ஆறு மணி பஸ். பிலோமி ஓயாமல் பேசினாள். மெர்லின் ஒரு கண்ணால் கல்லைப் பார்த்தபடியே வந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. யாருமில்லை. நாலு. ஐந்திலும் யாருமில்லை. இத்தனை வாரத்தில் முதல்முறையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். தலையில் முத்தம் கொடுத்தாள்.

"யக்கா!" மாயவன் பதறிப்போய் விசிலடித்தான். "இன்னாக்கா, லைட்டையே காணோம்? ஏழாவது கல்லே வந்துடுச்சு."

பஸ் அவர்களை இறக்கிவிட்டுப் போனது. அதன் பின்விளக்கு சிவப்பாகச் சிறுத்து மறைந்தது.

ஒரு கிலோமீட்டர் திரும்பி நடக்க வேண்டும். இடது கையில் பிள்ளையின் டிரங்குப் பெட்டி. வலது கையில் பிள்ளையின் விரல்கள். கரும்புத் தோகை சரசரத்தது. அடிக்கட்டை ஒவ்வொன்றும் குந்தியிருக்கும் ஆளாகத் தெரிந்தது. தூரத்தில் மலைப்பக்கம் நாய் குரைத்தது. அதுவும் ஓய்ந்தது.

டிணுங்.

பின்னால்.

மெர்லின் வேகமாக நடந்தாள். டிணுங். டிணுங். அதுவும் வேகமாக வந்தது.

"அம்மா, ஒரு மாமா..."

"பேசாத. திரும்பாத."

"வழி தெரியலயாம்மா. நம்ம வூட்டுக்குத்தான் வராராம்."

"பேசாதடி!"

கல். அந்த ஆறாவது கல். வாசல். சாவி நழுவியது. எடுத்தாள். கதவு. பிள்ளையை உள்ளே தள்ளினாள். தாழ். மேல்தாழ். நடுத்தாழ். கதவில் முதுகைச் சாய்த்து நின்று, மூச்சை அடக்கிக் கேட்டாள். வெளியே ஒன்றுமில்லை. காற்றுக்கூட இல்லை. உள்விளக்கைப் போட்டாள்.

பிலோமி அறை நடுவில் நின்றிருந்தாள். அவள் கையில் ஒரு டிபன் கேரியர். மூடியில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: ஆதிமூலம்.

"ரொம்ப நேரமா தூக்கிக்கினு நடந்தாராம்மா. கை வலிக்குதுன்னாரு. நான் வாங்கிக்கினேன்."

பின்பக்கத் தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. வேலை முடிந்து வந்த ஆம்பிளை நிதானமாகக் கால் கழுவுகிற சத்தம். ஒரு சொம்பு. இன்னொரு சொம்பு. பின்கதவின் அந்தப் பக்கமிருந்து களைத்த குரல் ஒன்று, தினமும் சொல்வதுபோல, சொன்னது:

"பஸ்ஸே வுடல. நடந்தே வந்தன். அதான் லேட்டாயிடுச்சு."

பின்கதவு தாழிட்டபடியே இருந்தது. அதற்கு இந்தப் பக்கம், சிமெண்டுத் தரையில், ஈரமான செம்மண் காலடி ஒன்று பதிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று.

பிலோமி இரண்டு தட்டையும் தரையில் வைத்துவிட்டு அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தட்டு எங்கம்மா?"