குழிக்கு அடியில் ஈரம்

வார்ப்புக் குழியருகே இனியா குனிந்தபோது, இரும்பு வார்க்கும் பவுண்டரியின் கரிப்புகைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அடியிலிருந்து, மழை நின்ற தோட்டத்தின் மண்வாசம் மெல்லக் கசிந்து வந்தது. காயவைத்த அச்சு மணல் அப்படி மணக்கக் கூடாது. மூன்று முறை ஈரம் அளந்தாள். மூன்று முறையும் அளவு மீறியிருந்தது. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று நான்காவது முறையும் அளந்தாள். அந்தச் சந்தேகத்துக்காகத் தன் மீதே எரிச்சல் வந்தது.

"ஏனுங்க சார், அடியில தண்ணி ஊறியிருக்குதுங்க. இன்னைக்கு ஊத்த வேண்டாமுங்க."

சூப்பர்வைசர் பிரவின்குமார் கைபேசியிலிருந்து தலை தூக்கவில்லை. "மறுபடியும் கடலுக்கடியில எரிமலையா? அன்னூர்ல ஏதும்மா கடலு?"

எல்லோரும் சிரித்தார்கள். இரும்பை ஊற்றும் ஐயாசாமியும்தான். "பயப்படாத அம்மணி. இருவது வருசமா ஊத்தறேன்."

மாலை வகுப்பில் படித்ததை அவள்தான் இவர்களிடம் சொல்லித் தொலைத்திருந்தாள். கடலடியில் பாறைக்குழம்பு தண்ணீரைத் தொட்டதும் வெடித்துவிடாது. மெல்லிய நீராவிப் படலம் ஒன்று இரண்டையும் சற்று நேரம் பிரித்து வைக்கும். சின்ன அதிர்வில் அது கிழியும். குழம்பு துகள்துகளாக நொறுங்கித் தண்ணீரோடு கலக்கும். சிக்கிய தண்ணீர் அத்தனையும் ஒரே கணத்தில் ஆவியாகி வெடிக்கும்.

பாறைக்கு உள்ளது இரும்புக்கும் பொருந்துமா? நிச்சயமாகத் தெரியவில்லை. அதனாலேயே கத்த வேண்டிய நேரத்தில் கெஞ்சினாள். கோபத்திலும் 'ங்க' ஒட்டிக்கொண்டு வந்தது. இவர்களின் சிரிப்பை வெறுத்தாள். தன் மரியாதையை அதைவிட வெறுத்தாள்.

உருகிய இரும்புக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு கிரேன் முனகியபடி நகர்ந்தது. தகரச் சுவரெங்கும் செம்மஞ்சள் வெளிச்சம் ஏற, ஆட்களின் நிழல்கள் கூரைவரை நீண்டன. இனியா பாய்ந்து கிரேனை நிறுத்தும் பொத்தானில் கை வைத்தாள். பிரவின்குமார் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"வேலை வேணுமா, வேண்டாமா?"

இரும்பு இறங்கியது. தகதகவென்று. குழி நிறைந்தது.

ஒன்றுமில்லை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காது மடல் சுட்டது. தப்பாக அளந்துவிட்டேனா?

குழிக்கு அடியில் ஏதோ மடக்கென்று விழுங்கும் சத்தம். ஒரு முறை. மறுபடியும்.

"ஐயாசாமிண்ணா! இங்க வாங்க!"

காலியான கொப்பரையைக் கிரேன் தரையில் இறக்கியது. தொம்.

"வா!" என்று அலறினாள். வாழ்நாளில் முதல்முறையாக, 'ங்க' இல்லாமல்.

அந்தச் சொல் கேட்டு ஐயாசாமி வியப்போடு திரும்பினார். குழிக்கு முதுகு காட்டி நின்றார். சிரித்தார். "பாத்தியா கண்ணு, பூனையாட்டப் படுத்திருக்குது."

அவர் தோளுக்குப் பின்னால், சத்தமே இல்லாமல், சிவந்த இரும்பு உப்பி மேலே எழுந்துகொண்டிருந்தது. அவர் தலையைவிட உயரமாக.