இலை மறந்த சபாரி

சந்திரமௌலி வாத்தியாருக்கு ஒரு யோசனை வந்துவிட்டால், அது நிறைவேறும்வரை வீட்டில் யாரும் நிம்மதியாக உட்கார முடியாது. முன்பெல்லாம் மாதம் இரண்டு யோசனையாவது வரும். மகள் நீரஜாவின் அம்மா செத்துப்போன பிறகு, ஒரு வருஷமாக ஒன்றுகூட வரவில்லை.

அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "நாயித்துக்கிழமை நாம எல்லாரும் சபாரி போறோம்!" என்று அப்பா சொன்னபோது நீரஜா ஆச்சரியப்பட்டாள்.

"சபாரின்னா என்னப்பா?"

"ஆப்பிரிக்கால வெள்ளைக்காரா குடும்பத்தோட காட்டுக்குப் போவாளாம். சிங்கம், யானையெல்லாம் பாத்துண்டே மரத்தடியில காலைச் சாப்பாடு சாப்பிடுவாளாம். பத்திரிகையில படம் போட்டிருக்கான்."

"மயிலாப்பூர்ல சிங்கத்துக்கு எங்கப்பா போறது?"

"சிங்கத்துக்குப் பதிலா கிண்டிக் காட்டு மான். மோட்டாருக்குப் பதிலா வலியுல்லாவோட ஜட்கா வண்டி. போறாதா?"

அப்பா சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் பார்வை கூடத்து மூலைக்குப் போயிருந்தது. அங்கே நீரஜாவின் தம்பி அம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான்.

அம்பிக்கு ஆறு வயது. ஐந்து மாதமாக அவன் சாப்பாடு இதுதான். பொரி, வாழைப்பழம், அப்பா காய்ச்சித் தரும் பால். சோறு என்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்வான். சட்டையைக் கழற்றினால் விலா எலும்பு எண்ணலாம். வைத்தியர் மூன்று விதமான சூரணம் கொடுத்துப் பார்த்தார். அதையும் அவன் துப்பினான்.

ஐந்து மாதத்துக்கு முன்புதான் ரத்னா சித்தி அந்த வீட்டுக்கு வந்தாள். அப்பா இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்டவள். சீர்காழிப் பெண், பதினெட்டு வயது. அடுப்படியில் தனியாக இருக்கும்போது மெல்லிய குரலில் பாடுவாள். யாராவது வந்தால் நிறுத்திவிடுவாள். நீரஜாவுக்குத் தலை பின்னும்போது ஒரு முடியைக்கூட இழுக்க மாட்டாள்.

நீரஜா அவளைச் சித்தி என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பசிக்கறது" என்று தூணைப் பார்த்துச் சொல்வாள். தட்டு வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் நீரஜா தண்ணீர் குடிக்கப் போனாள். அடுப்படியில் பேச்சுக் குரல் கேட்டுக் கதவுக்கு வெளியே நின்றாள்.

"அண்ணாவுக்குக் கடுதாசு போட்டுட்டேன்" என்றாள் சித்தி. "திங்கக்கிழமை வரேன்னு பதில் போட்டிருக்கார். நான் ஊருக்கே போயிடறேன். என் கையால ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறான். நான் இங்க இருந்தா குழந்தை பொழைக்க மாட்டான்."



"நாளைக்கு ஒரு நாள் பாக்கலாம், ரத்னா" என்றார் அப்பா. "காட்டுக் காத்துல அவனுக்குப் பசிக்கும். அங்கயும் சாப்பிடலேன்னா..."

நீரஜா தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டாள். அம்பி ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறான் என்பது வைத்தியருக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கிழக்கு வெளுக்கும்போதே வீடு பரபரத்தது. சித்தி பெரிய அடுக்குப் பாத்திரம் நிறையத் தயிர்சாதம் பிசைந்தாள். ஒரு ஜாடியில் மாவடு எடுத்துக்கொண்டாள். நறுக்கித் துடைத்த வாழையிலைக் கட்டை நீரஜாவிடம் கொடுத்து, "வண்டியில வெச்சுடும்மா" என்றாள்.

வாசலில் வலியுல்லாவின் ஜட்கா நின்றது. அவருடைய குதிரைக்கு சுல்தான் என்று பெயர். பெயரில் இருந்த கம்பீரம் குதிரையிடம் இல்லை.

"இன்னா சாமி, மான் பாக்கவா? சுல்தானு இன்னிக்கு நல்ல கொணமா கீது. ஏறுங்க!"

நல்ல குணமாக இருந்த சுல்தான் மந்தைவெளியில் ஒருமுறை நின்றது. அடையாற்றுப் பாலத்தில் இன்னொரு முறை நின்றது. பாலத்தைத் தாண்டியதும் மணலில் சக்கரம் புதைந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார். மான் வரைய அவர் கொண்டுவந்த நோட்டு மணலில் விழுந்து ஏடுகள் கலைந்தன.

காட்டோரம் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. உள்ளே கவர்னர் துரையின் காடு, அங்கே போக அனுமதி இல்லை. வேலிக்கு வெளியிலும் மான்கள் மேய வரும் என்று வலியுல்லா சத்தியம் செய்திருந்தார்.

"அதோ மான்!" என்று அம்பி கத்தினான்.

"அது ஆடு, நைனா" என்றார் வலியுல்லா.

ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். ஆடுகள் வந்தன. ஒரு கழுதை வந்தது. மான் வரவில்லை.

"எங்கய்யா உன் மான்?" என்று அப்பா கேட்டார்.

"மான் இன்னா நம்ம மச்சானா சாமி, சொன்ன நேரத்துக்கு வர்றதுக்கு?"

வலியுல்லா குதிரைக்குப் புல் போடப் போய்விட்டார். சித்தி ஒரு பனைமரத்தடியில் ஜமக்காளத்தை விரித்தாள். அடுக்கைத் திறந்தாள். பிறகு வண்டிக்குப் போய்த் தேடினாள். கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"என்ன தேடறே?" என்றார் அப்பா.

"இலைக்கட்டு..."

இலைக்கட்டு வீட்டுக் கிணற்றடியில் இருந்தது. காலையில் நீரஜாதான் அதை அங்கே வைத்தாள். திங்கட்கிழமையை நினைத்து அழுகை வந்ததால் முகம் கழுவப் போனவள், அதை எடுக்காமலே வண்டியில் ஏறிவிட்டாள்.

சித்தி திரும்பி நீரஜாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"நான்தான் மறந்துட்டேன்" என்றாள் அப்பாவிடம்.

அப்பா சுற்றிலும் பார்த்தார். எல்லாம் முள்மரம். அவற்றின் இலை கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பனையில் ஓலை இருந்தது, ஆனால் ஏறுவதற்கு ஆள் இல்லை. அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பொத்தென்று ஜமக்காளத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுவும் போச்சு. நான் எதைத் தொட்டாலும் இப்படித்தான். எனக்குத் தெம்பில்லை, ரத்னா. இனிமே ஒண்ணும் சரியாகும்னு தோணலை. வா, ஆத்துக்குப் போகலாம்."

சித்தி அடுக்கின் மேல் துணியைப் போட்டு முடிச்சுப் போட ஆரம்பித்தாள். முடிச்சின் மேல் அவள் கண்ணீர் சொட்டியது. ஊருக்குக் கிளம்புகிறவள் மூட்டை கட்டுவது போலவே இருந்தது நீரஜாவுக்கு.

அம்பி தள்ளி நின்று மணலைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். பொரி மூட்டையும் வீட்டிலேயே இருந்தது. அவன் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

"இலையை மறந்தது நான்!" என்று நீரஜா கத்தினாள். "இவா இல்லை. நான். இன்னொண்ணும் நான்தான் பண்ணினேன்."

அப்பா நிமிர்ந்தார்.

நீரஜா அம்பியிடம் ஓடிப்போய் அவன் முன்னால் மண்டியிட்டாள். "அம்பி, சித்தி வந்த அன்னிக்கு உன்கிட்ட ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"ம்" என்றான் அம்பி. "சித்தி கையால சாப்பிட்டா அம்மா கோவிச்சுப்பான்னு சொன்னே."

சித்தியின் கை முடிச்சிலேயே நின்றது.

"அது பொய்டா. அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. எனக்கு அன்னிக்கு அழுகை அழுகையா வந்துது. யார் மேலயோ கோவம். அதான் நானா கட்டிவிட்டேன்."

அம்பி யோசித்தான். "அப்போ கோவிச்சுக்க மாட்டாளா?"

"மாட்டா."

"நிஜமா? இப்போ சொல்றது பொய் இல்லையே?"

ஒருமுறை பொய் சொன்னவளை அவன் எப்படி நம்புவான்? நீரஜா எழுந்தாள். ஜமக்காளத்துக்குப் போய்ச் சித்திக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். வலது கையை நீட்டினாள்.

"சித்தி, இலை வேண்டாம். என் கையில போடு."

சித்தி அவளையே பார்த்தாள். பிறகு அவசரமாக முடிச்சை அவிழ்த்து, ஒரு உருண்டை தயிர்சாதத்தை எடுத்து நீரஜாவின் உள்ளங்கையில் வைத்தாள். நீரஜா அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

அம்பி அக்காவைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காக்கை மட்டும் பறந்து போனது.

நீரஜா இரண்டாவது உருண்டைக்குக் கை நீட்டினாள். அப்பாவும் நகர்ந்து வந்து கை நீட்டி ஒரு உருண்டை வாங்கிக்கொண்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"தப்பாப் பண்றேள்" என்றான் அம்பி.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"அம்மா குழி பண்ணுவா."

"குழியா?" என்று கேட்டாள் சித்தி. அவளுக்குப் புரியவில்லை.

அம்பிக்குப் பொறுக்கவில்லை. நேராக அடுக்குக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்பாவின் கையிலிருந்த உருண்டையில் தன் கட்டைவிரலை அழுத்திக் காட்டினான். "இப்படி. நடுவுல. இதுல மாவடு ஜலம் விடணும். அப்பத்தான் நன்னா இருக்கும்."

"எனக்குத் தெரியாதேடா கண்ணா. ஒருத்தரும் சொல்லலையே."

"இப்போ சொல்லிட்டேனே" என்றான் அம்பி. கையை நீட்டினான்.

சித்தி உருட்டினாள். குழி செய்தாள். அவசரத்தில் மாவடு ஜலம் பாதி அம்பியின் முழங்கை வழியாக ஓடியது. அவன் முழங்கையையும் நக்கிக்கொண்டான். சோறு உள்ளே போவதை மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

"உப்புக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான் அம்பி. மறுபடியும் கை நீட்டினான்.

நான்காவது உருண்டைக்கு மேல் நீரஜா எண்ணுவதை விட்டுவிட்டாள். அவள் சித்தியின் பக்கத்தில் நகர்ந்து, தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சித்தியின் வலது கை முழுக்கத் தயிர். அதனால் இடது கையால் அவள் தலையை அணைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அண்ணா வராரே" என்றாள் சித்தி மெதுவாக. "அவர் வந்தா என்ன சொல்றது?"

அப்பா விரலைச் சூப்பிக்கொண்டே சொன்னார். "சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு."

அப்போது வலியுல்லா தலைதெறிக்க ஓடி வந்தார். "சாமி! இன்னா சாமி நீங்க! இம்மாம் பெரிய மான் கூட்டம், உங்க முதுகுக்குப் பின்னாலேயே போச்சு! கைதட்டி கைதட்டிக் கூப்ட்டேன். ஒர்த்தரும் திரும்பல!"

"ஐயையோ!" என்று அப்பா துள்ளி எழுந்தார். நோட்டைத் தேடினார். தூரத்தில் புழுதி மட்டும் அடங்கிக்கொண்டிருந்தது.

அம்பி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மான் அப்பறமா வரும்ப்பா" என்றான் கையை நீட்டியபடி. "சித்தி, குழி பெரிசாப் பண்ணு."