சித்திர வளர்மதி சிரித்தாள்

திரையில் வளர்மதி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதே பச்சை நைட்டி, அதே சரிந்த கொண்டை. காதுக்குப் பின்னால் மட்டும் புதிதாகக் கேட்க வைக்கும் கருவி, பொட்டளவு செவிப்பதியம். முன்காட்டிக் கருவி வரைந்த சித்திர வளர்மதி அவள். நிஜ வளர்மதி கோவை மருத்துவமனையின் இருட்டறையில், கணவன் தங்கவேலுக்கும் நாத்தனார் ருக்மணிக்கும் நடுவில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரசவக் காய்ச்சலில் போன காது. பத்து வருஷமாக உதடு பார்த்துத்தான் காலம் ஓடுகிறது. மண்டையைக் குடைந்து கருவி வைப்பதென்றால் அவளுக்குக் குலைநடுக்கம். நாலு விசேஷத்துக்குக் கூட்டிப்போக முடியவில்லையே என்று தங்கவேல்தான் அரித்தெடுத்து இழுத்து வந்திருந்தான். இப்படிப் பயந்தவர்களுக்காகவே செய்தது முன்காட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் வீடு எப்படிக் கேட்கும் என்பதை, உங்கள் வீட்டு ஒலிகளை வைத்தே படமாக்கிவிடும். சத்தமெல்லாம் வண்ணமாக வரும், பேச்செல்லாம் எழுத்தாக வரும்.

அதற்காக ஒரு வாரம் ஒலிச்சேமி ஒன்று அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. முதல் நாள் எல்லோரும் அதன் முன்னால் தேனொழுகப் பேசினார்கள். மறுநாளே மறந்துபோனார்கள். கேட்காத ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எதையும் பேசிப் பழகிய வீடு அது. கேட்கிற கருவியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டது.

திரையில் குக்கர் விசில் மஞ்சளாகச் சீறியது. வளர்மதிக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து மகள் இனியாவின் சித்திரம் உள்ளே வந்தது.

“அப்பா, என்னை ஊட்டி ஹாஸ்டல்ல சேக்கறத அம்மாகிட்ட எப்பச் சொல்லுவீங்க?”

“சொல்ல வேண்டாம் சாமி. கெளம்பற அன்னிக்குத் துணி எடுக்கப் போறோம்னு சொல்லிக்கலாம்.”

“ஆமா கண்ணு,” என்றது ருக்மணியின் சித்திரம். “காது கேக்காதவகூட வளந்தா நீயும் வாயில்லாப் பூச்சியாப் போயிருவே.”

சித்திர வளர்மதி அதைக் கேட்டுத் திரும்பினாள். திரும்பி, முகமெல்லாம் மலரச் சிரித்தாள். எந்தப் பேச்சு காதில் விழுந்தாலும் நோயாளி சிரிக்க வேண்டும் என்று கருவியைச் செய்த புண்ணியவான்கள் விதித்திருந்தார்கள்.

கருவியருகே நின்றிருந்த டாக்டர் ஜெசிந்தா பாய்ந்து திரையை அணைத்தார். வீட்டுப் பேச்சு அந்தரங்கம் என்பதால் மனிதர் யாரும் படத்தை முன்கூட்டிப் பார்ப்பதில்லை. டாக்டருக்கே முகம் வெளுத்துவிட்டது. விளக்கைப் போட்டார்.

“எம்புள்ளைய எங்கிட்டச் சொல்லாமயே அனுப்பப் பாத்தீங்களா?” என்றாள் வளர்மதி. தன் குரல் தனக்குக் கேட்காததால் அது தாழ்வாரம் வரை போனது.

வளர்மதி டாக்டர் பக்கம் திரும்பினாள். “எனக்கு இப்பப் பயமில்லைங்க. எப்ப வெச்சுக்கலாம்? நாளைக்கேன்னாலும் செரி.”

எப்போதும் மீசைக்குள்ளேயே முணுமுணுக்கும் தங்கவேல், அவள் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பினான். நிறுத்தி, நிதானமாகப் பேசினான்.

“அவசரம் வேண்டாம் வளரு. நீ இப்படியே இரு. உன்னைய நாங்க நல்லாத்தானே பாத்துக்கறோம்.”

பத்து வருஷத்தில் அவன் இத்தனை தெளிவாக உதடசைத்து அவளிடம் பேசியதே இல்லை. ஒரு சொல்கூட அவளுக்குத் தப்பவில்லை.