கதவை வரையாத பாதை

ஜூன் 12, வெள்ளி.
'இன்று என்னால் ஒரு சின்னத் தப்பு நடந்துவிட்டது.'

மாலை வகுப்பில் உட்கார்ந்து இப்படி எழுதிய குட்டி, 'சின்ன' என்ற சொல்லை மட்டும் அடித்தாள்.

அந்த வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஊர் வரைபடம் தயாரித்தார்கள். அவரவர் நடந்து பார்த்த வழியைக் கணினியில் வரைய வேண்டும். ஊர்க்காரர்கள் அதைக் கைப்பேசியில் பார்த்து நடப்பார்கள்.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை குட்டியின் பங்கு. அது ஒரு தோட்டத்தின் வழியே போகிறது; பத்து நாளுக்கு முன் தோட்டத்துக்காரர் அங்கே இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார். குட்டி அதைப் பார்த்தாள். ஆனாலும் கதவை வரையவில்லை.

பாதையின் நடுவில் ஒரு மரம். போன மாதம் செத்துப்போன அவளுடைய நாய் மொட்டைவாலனை அதன் அடியில்தான் புதைத்திருந்தார்கள். கதவை வரைந்தால், இனி அவனைப் பார்க்கப் போக முடியாது என்று தானே ஒப்புக்கொண்டதுபோல் இருந்தது அவளுக்கு.

இன்று ஐந்து மணிக்கு மாடிவீட்டுத் தையல்கார அக்கா, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து குட்டி வீட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"உங்க படத்தைப் பாத்துக் குறுக்கு வழியில போனேன். கதவு முன்னாடி போய் நின்னதுதான் மிச்சம். சுத்திக்கிட்டு ஓடினேன், பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ்ல போனா, நோயாளியைப் பாக்குற நேரம் முடிஞ்சுபோச்சு. அம்மா என்னைக் கேட்டுக் கேட்டுத் தூங்கிட்டாங்களாம்."

"செருப்பு?"

"ஓடினதுல வார் அறுந்துடுச்சு. ஊருக்கெல்லாம் தைக்கிறேன், இதைத் தைக்கத் தெரியல பாரு!" அக்கா சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

"அக்கா... அதை வரைஞ்சது நான்தான். கதவு இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"மொட்டைவாலன் உள்ள இருக்கான்கா."

அக்கா அறுந்த வாரை விரலில் சுற்றினாள். மொட்டைவாலனைப் புதைக்கும்போது சுற்றிய போர்வைக்கு ஓரம் அடித்துக் கொடுத்தவள் அவள்தான். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேடி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாடி ஏறிப் போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இப்போது வகுப்பில் பக்கத்து நாற்காலியில் இருந்த, கண்ணாடி போட்ட அண்ணன் எட்டிப் பார்த்து, நடந்ததைக் கேட்டுக்கொண்டான்.

"படத்துல அந்தப் பாதைக் கோட்டையே அழிச்சுடு. பூட்டிட்டா வழி இல்லைன்னுதானே அர்த்தம்?"

"வழி இருக்குண்ணே. போகத்தான் விடலை."

"அப்ப அப்படியே விடப்போறியா?"

"அதுவும் பொய்தான்."

குட்டி கோட்டை அழித்து, அதே இடத்தில் புள்ளி புள்ளியாகப் பாதையை வரைந்தாள். தொடக்கத்தில் சிவப்புப் பூட்டு. அதை வரையும்போது விரல் இரண்டு முறை நின்றது. மரத்தடியில் ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்தது. அவள் அதைத் திருத்தவில்லை.

பூட்டின் அருகே எழுதினாள்: 'இங்கே பாதை உண்டு. இப்போது பூட்டியிருக்கிறது. சுற்றிப் போக ஆகும் நேரம்...'

எவ்வளவு? அவளுக்குத் தெரியவில்லை. பத்து நிமிடம் என்று போடலாமா? வேண்டாம். இடத்தைக் காலியாக விட்டுவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தாள்.

'நாளை காலை எட்டு மணி: கதவிலிருந்து பஸ் நிறுத்தம்வரை சுற்றுவழியில் நடந்து, நேரம் குறிக்க வேண்டும். ஓடக் கூடாது.'