கழித்த பின் மிஞ்சியது

முழுக் கருப்பாக இருந்திருக்க வேண்டிய படத்தில் ஒரு சாம்பல் புள்ளி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆளில்லாத அலுவலகத்தில் தூசி சூடேறும் வாடைக்கும் கிராஃபிக்ஸ் கார்டு விசிறியின் இரைச்சலுக்கும் நடுவே, யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பத்து மடங்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எந்தப் புரோகிராமையும் பத்து மடங்கு வேகமாக்கிவிடுவதாக லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அடுத்த மாடி வருவதற்குள் சொல்லி முடித்தும் விடுவான்.

லாரியின் பின்பக்கக் கேமராப் படத்தில் மணல் தூவியதுபோல் வரும் புள்ளிகளைத் துடைக்கிற வேலை அவனுடையது. ஒரே படத்தைச் சாதாரண வழியில் மெதுவாகவும், கார்டு வழியில் வேகமாகவும் துடைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றானால் மிஞ்சுவது வெறும் கருப்பு. ஏதாவது மிஞ்சினால் சோதனை சிவப்புக் காட்டும்.

மூன்று மாதத்துக்கு முன் சிவப்புத்தான் காட்டியது. விடிந்தால் வாடிக்கையாளர் வருகிறார். நம்ம ஆள் என்ன செய்தான்? எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்ற எல்லையை நூறு மடங்கு தூக்கி வைத்தான். பச்சை. கைதட்டல். கேக் கூட வெட்டினார்கள்.

போன மாதம் ஒரு சரக்குக் கிடங்கில், விசில் ஊதி வழிகாட்டிக்கொண்டிருந்த வாட்ச்மேனைப் பின்னோக்கி வந்த, இதே கேமரா பொருத்திய லாரி சுவரோடு வைத்து நசுக்கியது. ஓட்டியவன் இவன் மனைவியின் தம்பி. நாளை விசாரணை.

காலையில்கூட வந்து அழுதுவிட்டுப் போனான். "விசில் கேட்டுச்சு மாமா. இன்னும் வான்னு சொல்றாருன்னு நெனச்சேன். சத்தியமா ஸ்க்ரீன்ல ஆளே இல்ல. வெறும் செவருதான்."

இவன் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "இருட்டுல கண்ணு அப்படித்தான் ஏமாத்தும் மாப்ள."

"பட்டப்பகல் மாமா."

அதன்பிறகு சோறு எப்படி இறங்கும்? சத்தமில்லாமல் பிழையைத் திருத்தி, எல்லையைப் பழையபடி இறக்கி, சுவடே தெரியாமல் மூடிவிடலாம் என்றுதான் வந்திருந்தான்.

விபத்து நாளின் வீடியோவை ஓட்டினான். கார்டு துடைத்த படத்தில் சுவர் மட்டும். கழித்த படத்தில் அந்தப் புள்ளி தொப்பியாகி, தோளாகி, ஓங்கிய கையாகி, சுவருக்கு எவ்வளவு இடமிருக்கிறது என்று பார்த்தபடி முதுகு காட்டி நிற்கும் வாட்ச்மேனாகியது. துல்லியம் கூடட்டும் என்று கார்டின் கணக்கில் தசம இடங்களைக் கூட்டி மறுபடி ஓட்டினான். வித்தியாசம் குறையவில்லை. ஆள் பெரிதாகியிருந்தார். மறுபடியும்.

இந்த முறை அவர் திரும்பியிருந்தார்.

மூல வீடியோவைத் திறந்து பார்த்தான். அதில் முதுகுதான்.

வீடியோதான் கெட்டுப்போயிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அதை மூடிவிட்டுக் கம்ப்யூட்டரின் கேமராவையே இணைத்தான். கார்டு துடைத்த படம் வந்தது: மேசை, கடிகாரம், பின்சுவர், சக்கர நாற்காலி.

காலி நாற்காலி.

கையை ஆட்டினான். படத்தில் எதுவும் ஆடவில்லை.

கழித்துப் பார்த்தான். நாற்காலியில் சாம்பலாக அவன். பின்னால், சுவரோரமாக, தொப்பி.

திரும்பினான். சுவர்தான் இருந்தது.

கதவு திறந்தது. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு மேனேஜர் அம்மா, நாளைய விசாரணைக்கான ஃபைலை எடுக்க வந்திருந்தார்.

"மேடம்! நான்தான் மேடம்! எல்லைய நான்தான் தூக்கி வெச்சேன்! அந்தப் பையன் மேல தப்பில்ல!"

அவர் நேராக இவனைப் பார்த்தார். இவனுக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தில் மணி பார்த்தார்.

"இல்லீங்க, இங்க யாருமே இல்ல" என்றார் போனில். "எல்லாத்தையும் எரிய விட்டுட்டுப் போயிருக்கான் மகராசன். கரண்டு பில்லும் பத்து மடங்கு வரட்டும்னு."

விளக்கு அணைந்தது. கதவு சாத்திக்கொண்டது.

மூடிய ஜன்னல்களுக்குள் திரை மட்டும் வெளிச்சம். அதில் சுவரோரம் நின்ற சாம்பல் ஆள் ஒரு கையால் விசிலை உதட்டில் வைத்தார். மறு கையை உயர்த்தினார்.

வா. இன்னும் வா.

காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தான். நாற்காலி நிற்கவில்லை. விசில் நிதானமாக ஊத ஊத, நாற்காலியின் சக்கரங்கள் பின்னோக்கி உருண்டுகொண்டிருந்தன.